செவ்வாயின் வானம் உண்மையில் என்ன நிறம்? ரோவர்களின் வண்ணப் பனோரமா உருவாகும் விதம்

கேள்வி இது: "செவ்வாய்க் கோளிலிருந்து வரும் பனோரமா படங்களில் ஒன்றில் வானம் மங்கிய செம்பழுப்பாக இருக்கிறது. அதே இடத்தின் இன்னொரு படத்தில் நம் வானம் போல நீலமாக இருக்கிறது. எதை நம்புவது? நாசா நிறத்தை மாற்றிவிடுகிறதா? மனிதனே இல்லாத இடத்தில் இவ்வளவு பெரிய படத்தை யார் எடுப்பது?"

மாற்றுகிறார்கள். மாற்றியதைப் படத்தின் குறிப்பிலேயே எழுதியும் விடுகிறார்கள். செய்தித்தளங்கள் அந்தக் குறிப்பை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் போடுவதால்தான் பாதிக் குழப்பம். மீதிப் பாதிக் குழப்பம் கொஞ்சம் ஆழமானது. "உண்மையான நிறம்" என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதில் இருக்கிறது அது.

சமீபத்திய உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். 2025 மே 26 அன்று, செவ்வாயில் ஓடும் ஆய்வு வண்டியான பெர்சிவரன்ஸ் ரோவர், ஃபால்பிரீன் என்று பெயரிட்ட இடத்தில் நின்று 96 படங்கள் எடுத்தது. அவற்றை ஒட்டிய பனோரமாவை நாசா இரண்டு விதமாக வெளியிட்டது. இயற்கை நிறம் என்ற பதிப்பில் வானம் செம்மை படர்ந்திருக்கும். மெருகேற்றிய நிறம் என்ற பதிப்பில் வானம் பளிச்சென்று நீலம். இரண்டுக்கும் மூலம் அதே 96 படங்கள்தான். நீல வானம் அங்கே இல்லை. பாறைகளின் நிற வேறுபாட்டை எடுத்துக்காட்ட வண்ணங்களை இழுத்தபோது வானமும் கூடவே இழுபட்டு வந்துவிட்டது.

இது எப்படி நடக்கிறது என்று புரிய, கேமராவுக்குள் போக வேண்டும்.

கேமராவின் சில்லுக்கு நிறம் தெரியாது. ஒவ்வொரு பிக்சலிலும் எவ்வளவு ஒளி விழுந்தது என்று எண்ண மட்டும்தான் தெரியும். நிறம் வேண்டுமானால் ஒளியைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கைபேசியில் ஒவ்வொரு பிக்சலின் தலையிலும் சிவப்போ பச்சையோ நீலமோ ஒரு துளிக் கண்ணாடி ஒட்டியிருக்கும். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து, விடுபட்ட இரண்டு நிறங்களையும் மென்பொருள் ஊகித்து நிரப்பும். 2004 ஜனவரியில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி இரண்டும் இப்படி இல்லை. அவற்றின் பான்கேம் கேமரா அடிப்படையில் கறுப்பு வெள்ளைக் கேமரா, 1024-க்கு 1024 பிக்சல். இடது, வலது என்று இரண்டு கண்கள், ஒவ்வொன்றிலும் எட்டுத் துளைகள் கொண்ட சக்கரம் ஒன்று. இடது கண்ணின் ஒரு துளையைத் தவிர எல்லாவற்றிலும் வெவ்வேறு வடிகட்டிக் கண்ணாடி. சக்கரத்தைத் திருப்பி, ஒரே காட்சியை ஒவ்வொரு வடிகட்டி வழியாகவும் தனித்தனியாகக் கறுப்பு வெள்ளையில் எடுத்து, பூமிக்கு வந்தபின் மூன்றை அடுக்கினால் ஒரு வண்ணப் படம்.

கேட்பதற்குப் பழைய காலத்து முறை போலிருக்கும். ஆனால் காரணத்தோடுதான் செய்தார்கள். ரோவர் அங்கே போவது நமக்கு அழகான படம் அனுப்ப அல்ல, பாறையில் என்ன கனிமம் இருக்கிறது என்று பார்க்க. இரண்டு கண்களிலும் சேர்த்துப் பாறைகளுக்கென்றே 13 வடிகட்டிகள் இருந்தன, ஊதாவில் தொடங்கி அண்மை அகச்சிவப்பில் 1000 நானோமீட்டர் தாண்டும் வரை. சூரியனை நேரே பார்க்கக் கண்ணுக்கு ஒன்று வீதம் இருண்ட கண்ணாடி வேறு. இரும்புக் கனிமங்கள் தங்கள் அடையாளத்தை அதிகம் காட்டுவது அண்மை அகச்சிவப்பில்தான், அதாவது நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில். ஆப்பர்ச்சூனிட்டி இறங்கிய மெரிடியானி சமவெளியில் மிளகு மிளகாகச் சிதறிக் கிடந்த ஹீமடைட் என்ற இரும்புக் கனிம உருண்டைகளை விஞ்ஞானிகள் "புளூபெர்ரி" என்று அழைத்தார்கள். அவை நேரில் நீலமாக இருக்காது. போலி நிறப் படத்தில் மட்டும் சுற்றியுள்ள செம்மண்ணிலிருந்து பிரிந்து நீலச் சாயலில் தெரியும். போலி நிறம் என்ற பெயரே கெட்ட பெயர் என்பது என் எண்ணம். பொய் ஒன்றும் அதில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத அளவீட்டைத் தெரிகிற நிறத்தில் மொழிபெயர்க்கிறார்கள், அவ்வளவுதான்.

வடிகட்டிச் சக்கரம் வேலை செய்யும் விதத்தை ஒரே படத்தில் கண்ணால் பார்க்க வேண்டுமானால், ஆப்பர்ச்சூனிட்டியின் கடைசிப் பனோரமாவை எடுத்துப் பாருங்கள். எண்டெவர் பெரும்பள்ளத்தின் மேற்கு விளிம்பின் உட்சரிவில், பெர்சிவரன்ஸ் பள்ளத்தாக்கு என்ற இடத்தில் (ரோவருக்கும் இதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று), 2018 மே 13 முதல் ஜூன் 10 வரை எடுத்தது. மொத்தம் 354 படங்கள். ஒவ்வொரு திசைக்கும் மூன்று வடிகட்டிகள்: 753 நானோமீட்டர், 535, 432. முதலாவது அண்மை அகச்சிவப்பு, இரண்டாவது பச்சை, மூன்றாவது ஊதா. படத்தை முழு அளவில் திறந்து இடது கீழ் மூலைக்குப் போங்கள். முழுவதும் வண்ணத்தில் இருக்கும் படத்தில் அங்கே மட்டும் சில கட்டங்கள் சாம்பல் நிறத்தில் நிற்கும். அந்தத் திசைகளில் பச்சையும் ஊதாவும் எடுக்கும் முறை வருவதற்குள் கோள் முழுவதையும் மூடிய தூசிப்புயல் வந்துவிட்டது. ஆப்பர்ச்சூனிட்டி சூரியத் தகட்டை நம்பி ஓடிய வண்டி. வானத்தின் ஒளிமறைப்பு அளவு 10.8 என்று அது அனுப்பியது. அந்த அளவில் நண்பகலும் இருட்டுத்தான். ஜூன் 10-க்குப் பிறகு அதனிடமிருந்து எதுவும் வரவில்லை. 2019 பிப்ரவரி 13 அன்று பயணம் முடிந்ததாக அறிவித்தார்கள்.

அந்தச் சாம்பல் கட்டங்களை நிரப்பிவிடுவது இன்றைக்கு ஒன்றும் பெரிய காரியமில்லை. பக்கத்துக் கட்டத்தின் நிறத்தைப் பார்த்து எவரும் பூசிவிடலாம். நாசா பூசவில்லை. அது நல்ல முடிவு.

இதே உதாரணத்தில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. 753 நானோமீட்டர் நம் கண்ணின் எல்லையையே தாண்டியது. அதைச் சிவப்பின் இடத்தில் வைத்து அடுக்கினால் வருவது, மனிதன் அங்கே நின்றால் காணும் நிறம் ஆகாது. அதனால்தான் பான்கேம் படங்களின் கீழே "ஏறத்தாழ உண்மை நிறம்" என்று தயக்கத்தோடு எழுதியிருப்பார்கள். அந்த "ஏறத்தாழ" அடக்கத்துக்காகச் சேர்த்த சொல் அல்ல, அப்படியே கணக்கு.

2012-ல் கேல் பெரும்பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி ரோவரில் மாஸ்ட்கேம் என்ற கேமரா கைபேசி முறைக்கு மாறியது. சில்லின் மேலேயே மூவண்ணத் துளிக் கண்ணாடி, ஒரு சொடுக்கில் வண்ணப் படம். குறுகலான அலைநீளப் பட்டையை மட்டும் உள்ளே விடும் வடிகட்டிகள் கொண்ட சக்கரமும் கூடவே உண்டு. அதன் இரண்டு கண்களும் ஒன்றுபோல் இல்லாதது பலருக்குத் தெரியாது. இடது லென்ஸ் 34 மில்லிமீட்டர், வலது 100 மில்லிமீட்டர். ஒன்று அகலமாகப் பார்க்கும், மற்றது தூரத்தை இழுத்துப் பார்க்கும். இரண்டிலும் ஜூம் வைப்பதாகத்தான் முதலில் திட்டம். நடுவில் கைவிட்டார்கள். அது கைகூடியது பெர்சிவரன்ஸில்தான். அதன் மாஸ்ட்கேம்-இசட் 26-லிருந்து 110 மில்லிமீட்டர் வரை ஜூம் ஆகும், இரண்டு கண்ணும் ஒரே அளவில். முப்பரிமாணப் படம் எடுக்க இது பெரிய வசதி.

இனி நிறத்தின் நடுநாயகமான பிரச்சினைக்கு வருவோம்: வெளிச்சம்.

ஒரு வெள்ளைத் தாளை மஞ்சள் விளக்கின் கீழ் வைத்தால் கேமரா மஞ்சளாகத்தான் பதிவு செய்யும். உங்கள் மூளை "அது வெள்ளைத்தாள்" என்று தானே திருத்திக்கொள்ளும். செவ்வாயின் விளக்கு இரண்டு: நேரே வரும் சூரிய ஒளி, தூசி நிறைந்த வானத்திலிருந்து சிதறி வரும் செம்மை ஒளி. இரண்டும் சேர்ந்துதான் பாறையில் விழுகின்றன. அந்தப் பாறையின் நிறம் எது? அந்த ஒளியில் தெரிவதா, நம் ஊர்ச் சூரிய ஒளியில் வைத்தால் தெரியக்கூடியதா? இரண்டு கேள்விக்கும் இரண்டு விடை, இரண்டும் சரி. முதல் விடை இயற்கை நிறப் படம். இரண்டாவது விடைக்கு வெண்சமநிலை செய்த படம் என்று பெயர். நிலவியலாளர்கள் பூமியில் பாறைகளைப் பார்த்துப் பழகியவர்கள். அவர்கள் கண்ணுக்கு ஒரு பாறை எதை ஒத்திருக்கிறது என்று சட்டென்று பிடிபட, வெளிச்சத்தை நம் பகலுக்கு மாற்றிக் காட்டுகிறார்கள். அப்படிச் செய்யும்போது வானமும் நீலச் சாயலுக்குத் தள்ளப்படும். நீல வானப் படங்களில் பெரும்பாலானவை இப்படிப் பிறந்தவை.

சரி, அங்குள்ள வெளிச்சம் என்ன நிறம் என்று எப்படித் தெரியும்? இதற்காகவே ரோவரின் மேல்தளத்தில் சின்னப் பலகை ஒன்று இருக்கிறது. எனக்கு ரோவரில் மிகவும் பிடித்த உறுப்பு அதுதான். ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி இரண்டிலும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சதுரம். நான்கு மூலைகளில் நான்கு நிறச் சில்லுகள். சிவப்புக்கு ஹீமடைட், மஞ்சளுக்குக் கோதைட், பச்சைக்குக் குரோமியம் ஆக்சைடு, நீலத்துக்குக் கோபால்ட் கலந்த நிறமி. நடுவில் வெளிர், இடைநிலை, அடர் என்று சாம்பல் வளையங்கள். வளையங்களின் மையத்தில் நட்டுவைத்த சிறு கம்பம். கம்பத்தின் நிழல் வளையங்களின் மேல் விழும். அதைச் சூரியக் கடிகாரமாகவும் ஆக்கி, "இரு உலகங்கள், ஒரு சூரியன்" என்று ஆங்கிலத்தில் பொறித்து அனுப்பினார்கள்.

அந்தக் கம்பம் அலங்காரத்துக்கு நிற்கவில்லை. வளையத்தில் வெயில் படும் பகுதிக்கு இரண்டு விளக்குகளும் எரிகின்றன. நிழல் விழும் பகுதிக்குச் சூரியன் மறைந்து, வான ஒளி மட்டும் மிச்சம். இரண்டையும் ஒப்பிட்டால் சூரியன் எவ்வளவு, வானம் எவ்வளவு, வானத்தின் நிறம் என்ன என்று பிரித்துவிடலாம். பூமியில் நிழல் கொஞ்சம் நீலம் பாய்ந்திருக்கும், வானம் நீலம் என்பதால். செவ்வாயில் சாம்பல் வளையத்தின் மேல் விழும் நிழல் செம்மை பாய்ந்திருக்கும். வானத்தின் நிறத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? பூமியிலேயே ஒவ்வொரு சில்லும் எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்று அளந்து வைத்திருப்பதால், பனோரமா எடுக்கும் நேரத்தை ஒட்டி இந்தப் பலகையையும் படம் எடுத்தால் மற்றதெல்லாம் கணக்குத்தான்.

ஆனால் பலகையின் மேலும் தூசி படியும். படிந்ததும் சாம்பல் செம்மையாகும், நீலம் மங்கும். அதைச் சரியான சாம்பல் என்று நம்பித் திருத்தினால் மொத்தப் படமும் நீலத்தின் பக்கம் சாய்ந்துவிடும். படிந்த தூசியின் அளவைக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டியிருந்தது. பின்னால் ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். செவ்வாய்த் தூசியில் காந்தத்தன்மை உண்டு. கியூரியாசிட்டியிலும் பெர்சிவரன்ஸிலும் சில்லுகளுக்கு அடியில் வளையக் காந்தங்களைப் புதைத்தார்கள். தூசி வளையத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும், நடுப்பகுதி ஓரளவு சுத்தமாக இருக்கும். படத்தில் பார்த்தால் ஒவ்வொரு வண்ண வட்டத்தின் மேலும் பழுப்பு வளையம் ஒன்று வரைந்தது போலிருக்கும். பெர்சிவரன்ஸின் பலகையை உருவாக்கியது கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் நீல்ஸ் போர் நிறுவனம்.

பலகை இருந்தும் சறுக்கிய கதையும் உண்டு. 1976 ஜூலை 20 அன்று வைக்கிங் 1 இறங்கியது. அது நகராத கலம். மறுநாளே முதல் வண்ணப் படம் வந்தது. அவசரமாகத் தயாரித்து வெளியிட்ட பதிப்பில் வானம் வெளிர் நீலம்! பார்த்தவர்களுக்கு வீட்டுக்கு வந்தது போல் இருந்திருக்கும். பிறகு கலத்தின் மேலிருந்த வண்ணப் பலகையையும் கேமராவின் அளவீடுகளையும் வைத்துச் சரிபார்த்தபோதுதான் வானம் இளஞ்செம்மை என்று தெரிந்தது, படத்தைத் திருத்தினார்கள். "நாசா வானத்தின் நிறத்தை மறைக்கிறது" என்ற வதந்திக்கு வேர் இந்த ஒரு நாள் கூத்து. மறைக்க நினைப்பவர்கள் தவறான படத்தை முதலில் வெளியிட்டுவிட்டு எல்லார் முன்னாலும் திருத்திக்கொண்டிருக்க மாட்டார்கள்.

வானம் ஏன் அந்த நிறம்? செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நம் வானத்தை நீலமாக்கும் வாயுச் சிதறல் அங்கே மிக அற்பம். வேலையெல்லாம் தூசிக்குத்தான். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு அளவுள்ள துகள்கள், இரும்பு ஆக்சைடு கலந்தவை. அவை நீலத்தை விழுங்கி, சிவப்பைச் சுற்றிலும் சிதறடிக்கும். அதே துகள்கள் நீல ஒளியை முன்பக்கமாக, சூரியன் இருக்கும் திசையை ஒட்டி அதிகம் அனுப்பும். விளைவு, நம் ஊருக்கு நேர் எதிர். பகலில் செம்பழுப்பு வானம், மாலையில் சூரியனைச் சுற்றி நீல ஒளிவட்டம். 2005 மே 19 அன்று குசேவ் பெரும்பள்ளத்தில் ஸ்பிரிட் எடுத்த அந்திப்படத்திலும், 2015 ஏப்ரல் 15 அன்று கியூரியாசிட்டி எடுத்ததிலும் அந்த நீலத்தைப் பார்க்கலாம். அந்த நீலம் உண்மையானது. ஆக, செவ்வாய்ப் படத்தில் நீலத்தைக் கண்டாலே சந்தேகப்பட வேண்டியதில்லை. சூரியனை ஒட்டி இருக்கிறதா, வானம் முழுக்கப் பரவியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

போகிற போக்கில் வெள்ளிக் கோளையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ரோவர் எதுவும் போனதில்லை. ஆனால் 1982 மார்ச் 1 அன்று இறங்கிய சோவியத்தின் வெனேரா 13, 127 நிமிடம் உயிரோடிருந்து வண்ணப் பனோரமா அனுப்பியது. எல்லாம் ஆரஞ்சு. காரணம் மண்ணல்ல, அடர்ந்த காற்றுமண்டலம் நீலத்தை வடிகட்டிவிடுகிறது. அதைக் கணக்கில் கழித்துப் பார்த்தபோது பாறைகள் சாம்பலாக வந்தன. இங்கும் அதே கேள்வி: அவை ஆரஞ்சா, சாம்பலா?

இப்போது பனோரமாவுக்கு. கேமரா ஒரு கம்பத்தின் உச்சியில் இருக்கும். ஸ்பிரிட்டில் தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரம், நிற்கும் மனிதனின் கண்மட்டம். கியூரியாசிட்டியில் சுமார் 2 மீட்டர். தலையை இடம் வலமாகவும் மேல் கீழாகவும் மோட்டார்கள் திருப்பும். எந்தக் கோணத்தில், எத்தனை நொடி, எந்த வடிகட்டி என்ற கட்டளைப் பட்டியல் முந்தைய நாளே பூமியிலிருந்து போய்விடும். கைப்பிடி வைத்து இயக்குவதற்கு வழியில்லை. ஒளியே போய்ச் சேர, கோள்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம் ஆகும்.

கியூரியாசிட்டியின் 100 மில்லிமீட்டர் லென்ஸ் ஒரு முறைக்கு ஏறத்தாழ 5 பாகை அகலம்தான் பார்க்கும். 360 பாகையைச் சுற்றி வர எழுபதுக்கு மேல் படம் வேண்டும். அதுவும் ஓரங்கள் உரசிக்கொண்டு நின்றால். ஒட்டுவதற்கு ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படிய வேண்டும் என்பதால் இன்னும் கூடும். இது ஒரு வரிசை. அதற்குக் கீழே, மேலே என்று பல வரிசைகள். 2019 நவம்பர் 24 முதல் டிசம்பர் 1 வரை, அமெரிக்கக் குழு நன்றி நவிலல் விடுமுறையில் இருந்தபோது, கிளென் டோரிடன் என்ற பகுதியில் ரோவர் சும்மா நின்றது. அந்த நேரத்தைப் பயன்படுத்தி ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுக்க வைத்தார்கள். நான்கு நாட்களில் பரந்த ஆறரை மணி நேர வேலை. ஒட்டி முடித்தபோது 180 கோடி பிக்சல். ஒவ்வொரு நாளும் உள்ளூர் நேரம் நண்பகலிலிருந்து பிற்பகல் 2 மணிக்குள் மட்டும் எடுத்தார்கள். இல்லாவிட்டால் ஒரு கட்டத்தில் பாறையின் நிழல் மேற்கே சாயும், அடுத்த கட்டத்தில் கிழக்கே சாயும். பெர்சிவரன்ஸ் 2022 ஜூனில் ஜெசெரோ பெரும்பள்ளத்தின் பழைய ஆற்றுக் கழிமுகத்தை 1,118 படங்களில் எடுத்தது அதையும் மிஞ்சி 250 கோடி பிக்சலுக்குப் போனது.

மேற்சொன்ன கியூரியாசிட்டிப் படத்தில் ரோவரின் மேல்தளம் தெரியாது. தளமும் கையும் தெரிகிற பதிப்பு வேறொன்று, அகலப் பார்வை லென்ஸில் எடுத்த 65 கோடி பிக்சல் படம். அண்மைப் பொருளை ஒட்டுவது எவ்வளவு தொல்லை என்பது, தானே ஒட்டிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை முகத்துக்கு முன்னே நீட்டிப் பிடித்து, தலையை மெல்லத் திருப்பிப் பாருங்கள். பின்னால் உள்ள சுவரோடு ஒப்பிட விரல் நகர்வது போல் தெரியும். கண் உங்கள் கழுத்தின் அச்சில் இல்லை, முன்னே தள்ளி இருக்கிறது என்பதால் வரும் வினை அது. ரோவரின் கண்களும் கம்பத்தின் அச்சிலிருந்து பக்கவாட்டில் தள்ளி இருக்கின்றன. தலை திரும்பும்போது கண் ஒரு சிறு வட்டத்தில் நகர்கிறது. பல கிலோமீட்டர் தள்ளியுள்ள மலைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சக்கரத்தருகே கிடக்கும் கல்லுக்கு இது பெரிய இடப்பெயர்ச்சி. அந்தக் கல் இரண்டு படத்திலும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒரு படத்தில் பொருத்தினால் மறுபக்கம் உடையும். பனோரமாவின் கீழோரத்தில் கம்பிகள் துண்டாகித் தெரிவதும், கல்லின் விளிம்பு பல் உடைந்தது போல் இருப்பதும் இதனால்தான். நானும் ஆர்வக்கோளாறில் கச்சாப் படங்களை எடுத்து ஒட்ட முயன்று, தொடுவானம் கச்சிதமாக வந்த மகிழ்ச்சியில் கீழே பார்த்தால் சக்கரத்துக்கு ஒன்றரை விளிம்பு இருந்ததுண்டு.

ஒட்டும் முன் இன்னும் பல சுத்தம் செய்ய வேண்டும். சில்லின் இயல்பான இரைச்சலைக் கழிப்பது, லென்ஸின் ஓரத்தில் படம் இருண்டுபோவதைச் சமன்செய்வது போன்றவை. சூரியனுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும் கட்டங்கள் பளிச்சென்றும், சூரியன் பக்கம் பார்ப்பவை மங்கியும் இருக்கும். அதைச் சமன் செய்யாவிட்டால் படம் வரிக்குதிரை மாதிரி இருக்கும். வானம் இதில் தனித் தொல்லை. ஒன்றுமில்லாத வானத்தை எடுத்து அனுப்புவது வீண் செலவு என்பதால் பல பனோரமாக்களில் தொடுவானத்துக்கு மேல் கொஞ்சம்தான் எடுப்பார்கள். வெளியிடும்போது அதே நிறத்தை மேலே நீட்டி நிரப்பியிருப்பார்கள். குறிப்பில் அதையும் எழுதியிருப்பார்கள். ஆக, பனோரமாவின் வானத்தின் மேற்பகுதியை வைத்து யாராவது ஆராய்ச்சி செய்தால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

செலவு என்றேனே, அது பணமல்ல, தரவு. ரோவரிலிருந்து நேரே பூமிக்கு அனுப்பும் வழி உண்டு, ஆனால் நத்தை வேகம். பெரும்பாலானவை தலைக்கு மேல் கடந்து போகும் சுற்றுக்கலங்கள் வழியாகத்தான் வரும். ஒவ்வொரு கடப்பும் சில நிமிடங்கள். அதற்குள் கொடுத்தது போக மீதி அடுத்த கடப்புக்குக் காத்திருக்க வேண்டும். அதனால் முதலில் தபால்தலை அளவுச் சிறுபடங்களை அனுப்பி, பார்த்துத் தேர்ந்தெடுத்து, முழுப்படத்தைப் பிறகு கேட்பார்கள். கியூரியாசிட்டி இறங்கியதும் வெளியான முதல் 360 பாகை வண்ணப் பனோரமா, 144-க்கு 144 பிக்சல் கொண்ட 130 சிறுபடங்களை ஒட்டியதுதான்.

இவ்வளவும் தெரிந்தபின், ஒரு படத்தைப் பார்க்கும்போது குறிப்பில் தேட வேண்டியது ஒரு சொல்தான். இயற்கை நிறம் என்றால் அங்கே நின்றால் ஏறத்தாழ அப்படி. வெண்சமநிலை என்றால் பாறையை நம் பகலுக்குக் கொண்டுவந்தது. மெருகேற்றியது, போலி நிறம் என்றால் வேறுபாட்டைக் காட்ட நிறத்தை இழுத்தது. இவை எதிலும் சேராத ஒரு வகையும் உண்டு. 2021 நவம்பர் 16 அன்று கியூரியாசிட்டி எடுத்த "அஞ்சலட்டை" மிகவும் பரவியது. அது வழிகாட்டிக் கேமராவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். காலை 8:30-க்கும் மாலை 4:10-க்கும் எடுத்த இரண்டையும் சேர்த்து, நீலமும் ஆரஞ்சும் பச்சையும் கலைஞர்கள் பூசினார்கள். நாசாவும் அப்படித்தான் சொன்னது. அழகான படம், ஆனால் அதை வைத்து வானத்தின் நிறத்தைப் பேச முடியாது. பேசினார்கள்.

யார் எடுத்தது என்ற கடைசிக் கேள்வி. பனோரமாவை எடுப்பது கம்பத்தின் மேலுள்ள கேமரா. அதனால் அதில் கம்பத்தின் நிழல் விழுந்திருக்கும், கம்பத்தின் தலை இருக்காது. ரோவர் முழுதாகத் தெரியும் செல்ஃபிகள் வேறு. அவற்றை எடுப்பது கையின் நுனியிலுள்ள கேமரா. 2012 அக்டோபர் 31 அன்று கியூரியாசிட்டி ராக்நெஸ்ட்டில் கையை வளைத்து வளைத்து 55 படங்கள் எடுத்தது. ஒரு படத்தில் கை மறைத்த இடத்தை வேறொரு படம் காட்டிவிடும். கை இல்லாத பகுதிகளாகப் பார்த்து ஒட்டினால், யாரோ எதிரே நின்று எடுத்தது போலாகிவிடும்.

எதிரே நின்று எடுத்ததும் ஒன்று உண்டு. சீனாவின் ஜுரோங் ரோவர் 2021 மே மாதம் யுடோபியா சமவெளியில் இறங்கியது. தன் வயிற்றுப் பகுதியில் இருந்த சின்னக் கம்பியில்லாக் கேமரா ஒன்றை, இறங்குகலத்திலிருந்து சுமார் 10 மீட்டர் தள்ளித் தரையில் இறக்கி வைத்தது. பிறகு பின்வாங்கிப் போய் இறங்குகலத்தின் பக்கத்தில் நின்றுகொண்டது. கேமரா ரோவரையும் இறங்குகலத்தையும் சேர்த்து எடுத்து ரோவருக்கு அனுப்ப, ரோவர் சுற்றுக்கலம் வழியாகப் பூமிக்கு அனுப்பியது. ஜூன் 11 அன்று அந்தப் படம் வெளியானது. ரோவர் பிறகு கிளம்பிப் போய்விட்டது, கேமரா வைத்த இடத்திலேயே இருக்கிறது.